இடுப்பு முதுகெலும்பு ஃபியூஷனில் எலும்பு ஒட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஸ்க்ரூ போட்டு எலும்பை ஒட்ட வைக்க வேண்டும்" என்று, அதாவது அடுத்தடுத்த முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் ஃபியூஷன் வேண்டும் என்று, டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் ஸ்க்ரூவைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை ஸ்க்ரூ, எந்தக் கம்பெனி, எத்தனை வருடம் தாங்கும் என்று விசாரிப்பார்கள். எலும்பு ஒட்டு, அதாவது அந்த இடத்தில் புது எலும்பு வளர வைக்கும் பொருள் (போன் கிராஃப்ட்), என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நாலைந்து வருடம் கழித்தும் அந்த இடம் உறுதியாக நிற்குமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது என்பதால்தான் இந்தப் பக்கம்.

உதாரணத்துக்கு நம் ஊரில் அதிகம் வரும் ஒரு நிலையை எடுத்துக்கொள்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். இடுப்பின் நான்காவது முள்ளெலும்பு (எல்4) ஐந்தாவதன் (எல்5) மேல் முன்பக்கமாக நகர்ந்திருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தாலே கால் மரத்து உட்காரத் தோன்றுகிறது. மாத்திரை, உடற்பயிற்சி, முதுகில் ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. மற்ற நிலைகளை வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில், எனக்கு ஃபியூஷன் தேவைதானா?

இதைக் கேட்பதில் தவறே இல்லை. நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா, ஃபியூஷனும் வேண்டுமா என்பது உலகம் முழுவதும் இன்னும் விவாதிக்கப்படும் விஷயம். 2016-ல் சுவீடனில் நடந்த ஓர் ஆய்வில், நரம்புப் பாதை சுருங்கியவர்களுக்கு ஃபியூஷன் சேர்த்துச் செய்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. எலும்பு விலகல் இருந்தவர்களும் அதில் அடக்கம். அதே சமயத்தில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, விலகல் உள்ளவர்களுக்கு ஃபியூஷனால் ஓரளவு கூடுதல் நன்மை உண்டு என்றது. 2021-ல் வந்த நார்வே ஆய்வு அழுத்தத்தை மட்டும் நீக்கினாலே பலருக்குப் போதும் என்ற பக்கம் நின்றது.

குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்பு தெளிவாக நகர்ந்தாலோ, முதுகு வலி கால் வலியைவிடப் பெரிதாக இருந்தாலோ, நரம்புக்கு இடம் கொடுக்க மூட்டை நிறைய வெட்ட வேண்டியிருந்தாலோ ஃபியூஷன் பக்கம் சாய்வது நியாயம். "ஃபியூஷன் இல்லாமல் செய்தால் என்ன ஆகும்?" என்று உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அவர் சொல்லும் காரணம் உங்களுக்குப் புரிய வேண்டும்.

ஸ்க்ரூவும் ராடும்தான் பிடித்துக்கொள்கின்றனவே, எலும்பு ஒட்டு எதற்கு?

அவை பிடித்துக்கொள்வது எலும்பு ஒட்டும் வரைக்கும்தான். நாம் குனிகிறோம், எழுகிறோம், படி ஏறுகிறோம். ஒவ்வொரு முறையும் அந்த உலோகத்தின் மேல் சுமை ஏறி இறங்குகிறது. இரண்டு முள்ளெலும்புகளும் உயிருள்ள எலும்பால் ஒன்றாகிவிட்டால் சுமை அதன் வழியே போய்விடும், உலோகத்துக்கு வேலை குறையும். ஒட்டவில்லை என்றால் என்றாவது ஒரு நாள் ஸ்க்ரூ எலும்பில் தளரும், அல்லது ராடு ஒடியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இதுதான் கதை.

உலோகம் வருவதற்கு முன்பே ஃபியூஷன் வந்துவிட்டது. 1911-ல் நியூயார்க்கில் ஆல்பி, ஹிப்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக இதைச் செய்து எழுதினார்கள். ஆல்பி கால் எலும்பிலிருந்து ஒரு பட்டையை எடுத்து முதுகெலும்பில் பதித்தார். இன்று நாம் பார்க்கும் வகை ஸ்க்ரூ 1960களில்தான் பிரான்சில் ராய்-கமில் என்பவரால் பயன்பாட்டுக்கு வந்தது.

எலும்புத் துண்டை வைத்தால் தானாக ஒட்டிக்கொள்ளுமா? அது சிமெண்ட் மாதிரியா?

சிமெண்ட் இல்லை. வைத்தவுடன் எதுவும் ஒட்டாது. நாம் வைக்கும் பொருளைப் பயன்படுத்தி உங்கள் உடம்பு புது எலும்பை வளர்க்க வேண்டும். அதற்கு மூன்று விஷயங்கள் தேவைப்படுகின்றன. புது எலும்பை உண்டாக்கும் உயிருள்ள செல்கள் ஒன்று. சுற்றியுள்ள சாதாரண செல்களையும் எலும்பு செல்களாக மாறச் சொல்லும் புரதச் சைகைகள் இன்னொன்று. மூன்றாவது, கொடி படரப் பந்தல் போடுவதுபோல, எலும்பும் ரத்தக் குழாய்களும் ஊர்ந்து வளர ஒரு சட்டகம்.

இந்த மூன்றும் ஒன்றாக இருப்பது உங்கள் சொந்த எலும்பில் மட்டும்தான். மற்றப் பொருட்களில் ஒன்றோ இரண்டோ இருக்கும். எந்தக் கம்பெனி விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த மூன்றில் எது இதில் இருக்கிறது என்று கேட்டால் பாதி குழப்பம் தீரும்.

என் எலும்பை எங்கிருந்து எடுப்பார்கள்?

இரண்டு இடங்கள். முதல் இடம், அறுவை நடக்கும் இடமே. நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை நீக்க, பின்பக்கத்து லேமினா என்ற கூரை எலும்பையும் ஃபேசெட் என்ற சிறு மூட்டின் ஒரு பகுதியையும் எப்படியும் வெட்டி எடுக்கத்தான் வேண்டும். அந்த எலும்பை வீணாக்காமல் அப்படியே பயன்படுத்துகிறார்கள்.

தியேட்டரில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சர்ஜன் எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும் பக்கத்தில் நிற்கும் நர்ஸோ உதவி டாக்டரோ வாங்கி, அதில் ஒட்டியிருக்கும் தசை, ஜவ்வு, குருத்தெலும்பு எல்லாவற்றையும் நிப்ளரால் சுரண்டி எடுப்பார். பிறகு மிளகு அளவுத் துண்டுகளாக நறுக்கி, ஈரமான காஸ் துணியில் மூடி ஒரு கிண்ணத்தில் வைப்பார். சில இடங்களில் அரைக்க ஒரு சிறு மில் இருக்கும். எலும்பு காய்ந்துபோனால் செல்கள் செத்துவிடும். அதனால் அந்தத் துணி உலரக் கூடாது. தசை ஒட்டியபடியே உள்ளே போனால் அந்த இடத்தில் எலும்புக்குப் பதில் தழும்புத் திசு வளரும். மேசை ஓரத்தில் நின்று ஒருவர் பொறுமையாகச் செய்யும் இந்தச் சுத்தம் எந்தப் பில்லிலும் வராது. ஆனால் விலை உயர்ந்த பல பாக்கெட்டுகளைவிட இதற்கு மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது இடம், இடுப்பு எலும்பின் பின்பக்க விளிம்பு. பின்னால் கைவைத்துத் தடவினால் குழி விழும் இடத்துக்குப் பக்கத்தில் தட்டுப்படுமே, அந்த மேடு. அங்கே உள்ளிருக்கும் பஞ்சு போன்ற எலும்பில் செல்கள் நிறைய உண்டு, அளவும் தாராளமாகக் கிடைக்கும். பல ஆண்டுகளாக மற்ற எல்லா ஒட்டுப் பொருட்களையும் இதனோடு ஒப்பிட்டுத்தான் எடை போடுகிறார்கள்.

இடுப்பில் எலும்பு எடுத்தால் அந்த வலி ஆபரேஷன் வலியைவிட மோசமாக இருக்கும் என்கிறார்களே?

வலி உண்டு என்பது உண்மை. சிலருக்கு அது மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்மை. ரத்தம் கட்டுதல், கிருமி தொற்றுதல், பிட்டத்தின் மேல்தோல் மரத்துப்போதல் ஆகியவையும் நேரலாம். மரத்துப்போகக் காரணம், குளூனியல் என்ற தோல் நரம்புகள் அந்த விளிம்பைக் குறுக்கே கடந்து போவதுதான். நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7, 8 சென்டிமீட்டருக்கு அப்பால் போகாமல் வெட்டினால் அவை பெரும்பாலும் தப்பிக்கும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எந்தப் பக்கம் எலும்பு எடுத்தோம் என்று நோயாளியிடம் சொல்லாமலே வைத்துப் பிறகு வலியைக் கேட்டுப் பார்த்த ஆய்வுகளில், பலரால் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எலும்பே எடுக்காதவர்களுக்கும் அதே இடத்தில் வலி இருந்தது. முதுகிலிருந்து பரவும் வலியையும் நாம் இடுப்பு எலும்பின் கணக்கில் எழுதிவிடுகிறோம் போலிருக்கிறது. அதனால் அந்த வலியை நினைத்தே பயந்து, தேவையான இடத்தில் நல்ல ஒட்டை மறுத்துவிடாதீர்கள்.

அப்படியானால் எல்4–எல்5 ஒரு மட்டத்துக்கு மட்டும் என்றால் எது போதும்?

முதல் முறை ஆபரேஷன், ஒரே மட்டம் (அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளை மட்டும் இணைப்பது), புகைப் பழக்கம் இல்லை, எலும்பு பலமும் ஓரளவு நன்றாக இருக்கிறது என்றால், வெட்டி எடுத்த இடத்து எலும்பே பெரும்பாலும் போதும். ஒரு மட்டத்தில் அதற்கும் இடுப்பு எலும்புக்கும் ஒட்டும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு மூன்று மட்டங்கள் என்று போகும்போது அளவு பற்றாது. அப்போது இடுப்பு எலும்பைச் சேர்க்கலாம், அல்லது கீழே வரும் பொருட்களில் ஒன்றைக் கலந்து அளவைக் கூட்டலாம்.

சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷனில் வெளியே வரும் எலும்பு இன்னும் குறைவு. டிரில்லால் தேய்த்து எடுத்தால் அது தூளாகிப் போகும். "சின்னத் தழும்பு" என்று சந்தோஷப்படும்போது ஒட்டுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறந்தவரின் எலும்பை வைப்பார்களாமே? அது பாதுகாப்பானதா?

ஆமாம், வைப்பதுண்டு. இறந்தபின் தானமாகக் கிடைத்த எலும்பு ஒரு வகை. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனில் வெளியே எடுக்கப்படும் தொடை எலும்பின் பந்துத் தலை, உயிரோடு இருப்பவர் தருவது, இன்னொரு வகை. நம் நாட்டு எலும்பு வங்கிகளில் இரண்டாவது வகை அதிகம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1980களின் கடைசியிலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தபோது உறுப்புகளைப் பற்றி மட்டுமே பேசியது. 2011-ல் கொண்டுவந்த திருத்தம்தான் எலும்பு போன்ற திசுக்களையும் அதற்குள் சேர்த்தது.

தானமளிப்பவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் பரிசோதனைகள் நடக்கும். எலும்பை ஆழ்குளிரில் வைப்பார்கள், அல்லது உறையவைத்து ஈரத்தை முழுக்க எடுத்துவிட்டு காமா கதிர்வீச்சால் கிருமி நீக்குவார்கள். உயிருள்ள செல்கள் இதில் மிஞ்சாது. சட்டகம் நன்றாக இருக்கும், சைகை கொஞ்சம் இருக்கும், செல் இருக்காது. அதனால் ஒட்ட நேரமாகும். உங்கள் சொந்த எலும்போடு கலந்து அளவைக் கூட்ட இது நல்ல பொருள். பதின்வயதினரின் முதுகு வளைவு ஆபரேஷனில் பல மட்டங்களை இணைக்க வேண்டும், அந்த வயதில் எலும்பு வேகமாக வளரும். அங்கே இது மிகவும் உதவுகிறது.

பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. பரிசோதனை வருவதற்கு முந்தைய காலத்தில், அமெரிக்காவில் முதுகு ஆபரேஷனில் வைத்த தான எலும்பு வழியாக ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது பதிவாகியிருக்கிறது. இன்றைய பரிசோதனைகளோடு அது மிக மிக அரிது. 2021-ல் நடந்தது வேறு மாதிரி. அமெரிக்காவில் "உயிருள்ள செல்களோடு" விற்கப்பட்ட ஓர் எலும்புப் பொருள், ஒரே கொடையாளரிடமிருந்து வந்தது, நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வைக்கப்பட்டது. அந்தக் கொடையாளருக்குக் காசநோய் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. பலருக்குக் காசநோய் வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. 2023-ல் இதே வகைப் பொருளால் மறுபடியும் நடந்தது. செல்களைக் காப்பாற்ற வேண்டும் என்றால் கிருமியைக் கொல்லும் கடுமையான முறைகளைப் பயன்படுத்த முடியாது. ஆபத்து அங்கேதான் நுழைகிறது. கதிர்வீச்சுக்கு உட்படுத்திய சாதாரணத் தான எலும்பையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் "லைவ் செல்" என்று யாராவது உயர்வாகச் சொன்னால் நிதானியுங்கள். நோயாளிக்கு அதனால் கூடுதலாகக் கிடைக்கும் பலன் அந்த விலைக்கும் ஆபத்துக்கும் ஈடானது என்று எனக்குத் தோன்றவில்லை.

டிபிஎம் என்று பில்லில் போட்டிருக்கிறார்கள், அது என்ன?

தான எலும்பை அமிலத்தில் ஊறவைத்து அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை நீக்கினால் புரதமும் கொலாஜனும் மிஞ்சும். அதுதான் டிபிஎம். களிமண் மாதிரி பிசையும் வகையிலும் ஜெல்லாகவும் வரும். அடைபட்டிருந்த சைகைப் புரதம் இதில் வெளிப்படும் என்பது இதன் பலம். தாங்கும் வலு கிடையாது. கொடையாளருக்குக் கொடையாளர், தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறும் என்பது பலவீனம். சொந்த எலும்போடு கலக்கத்தான் இது. தனியாக நம்புவதற்கு இல்லை.

செயற்கைப் பொருள் வைத்தால் நோய்த்தொற்று பயமே இல்லையே?

நோய் பரவும் பயம் இல்லை, அது சரி. ஹைட்ராக்ஸி அபடைட், ட்ரை கால்சியம் பாஸ்பேட், பயோகிளாஸ் என்று பல உண்டு. வெள்ளைக் குருணையாகப் பாக்கெட்டில் வரும். இவை பெரும்பாலும் சட்டகம் மட்டுமே. ட்ரை கால்சியம் பாஸ்பேட் மெல்லக் கரைந்து எலும்புக்கு இடம் விடும். ஹைட்ராக்ஸி அபடைட் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். கரையாத குருணை எக்ஸ்ரேயில் எலும்பைப் போலவே வெள்ளையாகத் தெரியும். அதனால் ஒட்டிவிட்டது என்று ஏமாறும் வாய்ப்பு உண்டு.

குருணையோடு எலும்பு மஜ்ஜையைக் கலப்பது நல்ல வழக்கம். இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். ஒரே இடத்தில் நிறைய இழுத்தால் வெறும் ரத்தம்தான் வரும்; 2 மில்லி அளவில் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றி எடுத்தால்தான் செல்கள் கிடைக்கும். வெட்டு இல்லை, வலியும் குறைவு.

பிஎம்பி வைத்தால் கட்டாயம் ஒட்டும் என்கிறார்கள். விலையும் அதிகம். வைக்கலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர், சுண்ணாம்பு நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு உருவாகிறது என்று காட்டினார். அதற்குக் காரணமான புரதங்கள்தான் பிஎம்பி. அதில் ஒன்றான பிஎம்பி-2 மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரிக்கப்பட்டு, 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்றது. அந்த அனுமதி ஒரே மட்டத்தில், வயிற்றுப் பக்கம் திறந்து, குறிப்பிட்ட கேஜுக்குள் (டிஸ்க்கை எடுத்த இடத்தில் வைக்கும் சிறு பெட்டி) வைத்துச் செய்யும் ஃபியூஷனுக்கு மட்டும்.

ஆனால் வேகவேகமாக அனுமதிக்கு வெளியேயும் பரவியது: கழுத்தில், முதுகுப் பின்பக்கத்தில், இன்னும் பல இடங்களில். 2008-ல் அதே அமைப்பு, கழுத்தில் வைத்தவர்களுக்குத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறல் வரை போவதாக எச்சரித்தது. 2011-ல் முதுகெலும்பு மருத்துவத்துக்கான ஒரு முன்னணி இதழ் ஓர் இதழையே இதற்கு ஒதுக்கியது. கம்பெனி ஆதரவில் வெளியான ஆரம்பக் கட்டுரைகள் பக்கவிளைவுகளை மிகக் குறைத்துச் சொல்லியிருந்தன என்று அதில் எழுதினார்கள். அதன் பிறகு யேல் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் கம்பெனியின் மூலத் தரவுகள் முழுவதையும் இரண்டு தனிக் குழுக்கள் ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டன. வலி, நடமாட்டம் ஆகியவற்றில் இடுப்பு எலும்பைவிடப் பெரிய லாபம் இல்லை என்பதுதான் அவற்றின் சாரம்.

ஒட்டும் வாய்ப்பை இது கூட்டுகிறது, அதில் சந்தேகம் இல்லை. அதற்குக் கொடுக்கும் விலை பணம் மட்டும் இல்லை. நரம்புப் பக்கம் தேவையில்லாத எலும்பு வளரலாம். பக்கத்து எலும்பு தற்காலிகமாகக் கரைந்து கேஜ் அமிழலாம். கால் நரம்பில் எரிச்சல் வலி வரலாம். வயிற்றுப் பக்கம் திறந்து செய்யும் ஆபரேஷனில் ஆண்களுக்கு விந்து பின்னோக்கிப் போகும் பிரச்சினை வரலாம். குழந்தை பெற நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். புற்றுநோய் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைக்கக் கூடாது.

நம் உதாரணத்துப் பெண்ணுக்கு முதல் முறையில், ஒரு மட்டத்தில் இது தேவையில்லை. ஒருமுறை செய்து ஒட்டாமல் போய் மறுபடி செய்பவருக்கும், இடுப்பு எலும்பு ஏற்கெனவே எடுத்துத் தீர்ந்தவருக்கும் வேறு கணக்கு. அவர்களிடம் நானே இதைப் பற்றிப் பேசுவேன்.

ஸ்டெம் செல், பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுச் செறிவு) வைக்கலாமா?

முதுகு ஃபியூஷனில் இவை கூடுதலாக ஒட்ட வைக்கின்றன என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. தனியாகப் பணம் கட்டச் சொன்னால் கட்ட வேண்டாம்.

கேஜ் என்பதும் எலும்பு ஒட்டா?

இல்லை. டிஸ்க்கை எடுத்த இடத்தில் உயரத்தைத் தாங்க வைக்கும் சிறு பெட்டி அது. பீக் என்ற பிளாஸ்டிக்கில் அல்லது டைட்டானியத்தில் இருக்கும். அதன் உள்ளேயும், முக்கியமாக அதற்கு முன்னாலும், எலும்புத் துண்டுகளை அடைப்பார்கள். உடம்பின் சுமையில் பெரும்பங்கு முள்ளெலும்பின் முன்பகுதி வழியாகத்தான் இறங்குகிறது. அழுத்தத்தில் இருக்கும் எலும்பு நன்றாக ஒட்டும், அதனால் அந்த இடம் ஒட்டுக்கு மிக நல்ல இடம்.

அடைப்பதற்கு முன் இரு பக்கத்துக் குருத்தெலும்பையும் முழுக்கச் சுரண்டி, எலும்பில் ரத்தம் கசியும் வரை கொண்டுவர வேண்டும். அதே சமயம் அந்தத் தட்டு உடையவும் கூடாது. உடைந்தால் கேஜ் உள்ளே அமிழ்ந்துவிடும். இந்தப் படுகையைச் சரியாகத் தயார்செய்யாமல் எதை வைத்தாலும் பயன் இல்லை.

நாங்கள் சைவம். இதில் மிருகப் பொருள் ஏதாவது இருக்குமா?

இருக்கலாம். பிஎம்பி-2 நனைத்து வைக்கும் பஞ்சு மாட்டுக் கொலாஜனில் செய்தது. சில டிபிஎம் தயாரிப்புகளில் பன்றி ஜெலட்டின் சேர்ந்திருக்கும். மாட்டு எலும்பிலிருந்து எடுக்கும் குருணையும் உண்டு. சொந்த எலும்பிலும், முழுக்கச் செயற்கையான குருணையிலும் இந்தக் கவலை இல்லை. சைவமோ, இஸ்லாமிய நெறியோ, தான எலும்பு மனதுக்கு ஒப்பவில்லை என்பதோ, எதுவானாலும் முன்னாலேயே சொல்லுங்கள். மயக்கம் கொடுத்த பிறகு உங்களிடம் கேட்க முடியாது.

பீடி, சிகரெட்டை எப்போது விட வேண்டும்?

குறைந்தது நான்கு வாரம் முன்பு விட்டு, ஒட்டும் வரை தொடக்கூடாது. நிகோடின் புது ரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கிறது, எலும்பு செல்களையும் முடக்குகிறது. ஆபரேஷனுக்குப் பிறகும் புகைப்பவர்களுக்கு ஒட்டாமல் போகும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாயில் அடக்கும் புகையிலையிலும் அதே நிகோடின்தான். ஒரு லட்சம் கொடுத்து விசேஷமான ஒட்டு வாங்கிவிட்டுப் பீடியை விடாமல் இருப்பவரைவிட, பீடியை விட்டுவிட்டுச் சொந்த எலும்போடு போகிறவர் நல்ல நிலையில் இருக்கிறார். விட முடியவில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், தேதியைத் தள்ளிவைக்கலாம்.

சர்க்கரை, எலும்புத் தேய்மானம் இருந்தால்?

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு செய்வது நல்லது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே எலும்பு அடர்த்தி ஸ்கேனும் வைட்டமின் டி அளவும் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் வைட்டமின் டி குறைபாடு மிகச் சாதாரணம். எலும்பு மிகவும் பலவீனமாக இருந்தால் எலும்பை வளர்க்கும் டெரிபராடைடு போன்ற ஊசியைச் சில மாதம் போட்டுவிட்டுச் செய்வதும் உண்டு.

வலி மாத்திரை சாப்பிட்டால் எலும்பு ஒட்டாதா?

டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை அதிக அளவில், நீண்ட நாள் சாப்பிட்டால் பாதிக்கலாம். டாக்டர் சில நாளுக்கு எழுதிக் கொடுப்பது வேறு. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுவது வேறு.

எனக்கு முதுகெலும்பில் டிபி. எனக்கும் இதே ஒட்டுதானா?

டிபி மருந்துதான் முதல் சிகிச்சை, ஆபரேஷன் எல்லோருக்கும் தேவையில்லை. இதை நிரூபித்ததில் சென்னைக்குப் பங்கு உண்டு. இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகங்கள் சேர்ந்து சென்னையில் நடத்திய ஆய்வில், நடமாடிக்கொண்டே ஆறு மாதம் மருந்து சாப்பிட்டவர்களும் நல்ல முறையில் குணமானார்கள். எலும்பு கரைந்து கூன் விழுந்தாலோ, கால் செயலிழந்தாலோ ஆபரேஷன் வரும். அப்போது இடுப்பு எலும்பு, விலா எலும்பு என்று சொந்த எலும்பைத்தான் முதலில் நாடுவார்கள். டைட்டானியம் கேஜும் ஸ்க்ரூவும் டிபி இருக்கும் இடத்திலும் வைக்கலாம், மருந்தை நடுவில் நிறுத்தாதவரை.

ஒட்டிவிட்டது என்று எப்படித் தெரியும்?

முதல் மூன்று மாதம் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாது, கவலைப்பட வேண்டாம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு ஒட்டும். முழுப் பலம் வர இன்னும் நாளாகும். சந்தேகம் இருந்தால் ஒரு வருடத்தில் சிடி ஸ்கேன். மேல் எலும்பிலிருந்து கீழ் எலும்புக்கு இடைவெளி இல்லாமல் எலும்புப் பாலம் போகிறதா, ஸ்க்ரூ தளர்ந்ததைக் காட்டும் கறுப்பு வளையம் அதைச் சுற்றித் தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

அதுவரை நடை நல்லது, தினமும் நடங்கள். குனிந்து குடம் தூக்குவது, தரையில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பாத்திரம் தேய்ப்பது, பேரப்பிள்ளையைச் சட்டென்று தூக்குவது ஆகியவற்றை டாக்டர் சொல்லும்வரை தள்ளிவையுங்கள்.

ஒட்டாமல் போனால் மறுபடி ஆபரேஷனா?

எல்லோருக்கும் இல்லை. ஸ்கேனில் ஒட்டவில்லை என்று தெரிந்தும் வலியே இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்களைக் கவனித்துவந்தால் போதும். சில மாதம் நன்றாக இருந்துவிட்டு முதுகு வலி திரும்பி வந்தால் பார்க்க வேண்டும். முதலில் கிருமித் தொற்று இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்வார்கள். அப்புறம் ஏன் ஒட்டவில்லை என்ற காரணம்: புகையா, சர்க்கரையா, எலும்பு பலவீனமா, ஸ்க்ரூ தளர்ந்ததா. காரணத்தைச் சரிசெய்யாமல் மறுபடி திறப்பதில் அர்த்தமில்லை.

ஆபரேஷனுக்கு முன் நான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது என்ன?

என்ன ஒட்டு வைக்கப் போகிறீர்கள், அது எனக்கு ஏன், அதன் விலை தனியா, இன்சூரன்ஸ் அதைத் தருமா என்று கேளுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். வெளியிலிருந்து வரும் ஒட்டானால், அதன் பாக்கெட்டில் தயாரிப்பு எண்ணோடு ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், இன்னொன்றை உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பிற்காலத்தில் அந்தப் பொருளைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிப்பு வந்தால், உங்களுக்கு வைத்ததும் அதுதானா என்று அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

என் அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடக்கப்போகிறது. வெளியே எடுக்கும் எலும்பைத் தானமாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அந்த மருத்துவமனை ஏதாவது எலும்பு வங்கியோடு தொடர்பில் இருந்தால். அவருக்குப் புற்றுநோயோ தொற்றுநோயோ இருக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் அவருடைய கையெழுத்தும் வேண்டும். பல வங்கிகள் ஆறு மாதம் கழித்து ரத்தத்தை இன்னொரு முறை பரிசோதித்த பிறகே எலும்பை வெளியே தரும். ஆபரேஷன் அன்று காலையில் கேட்டால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. தேதி குறிக்கும்போதே அந்த டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.